மார்த்தாண்டத்துக்காரருக்கும் மொரிஷியஸ் கம்பெனிக்கும் ஒரே சலுகை: வரி ஒப்பந்தங்கள் எப்படி வேலை செய்கின்றன?

துபாயில் வேலை பார்க்கும் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஊரில் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்ற பணம் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வட்டி. அதில் வங்கி 31,200 ரூபாயை டி.டி.எஸ். ஆகப் பிடித்துவிடுகிறது. என்.ஆர்.ஐ.க்கு 30% வரி, அதன் மேல் 4% செஸ்.

ஒருநாள் ரூம்மேட் சொல்கிறார்: "அண்ணே, யு.ஏ.இ.ல டாக்ஸ் ரெசிடென்சி சர்டிபிகேட் வாங்கி பேங்க்ல குடுங்க. பன்னிரண்டரை சதவீதம்தான் பிடிப்பாவ."

உண்மைதான். சர்டிபிகேட்டும் கூடவே ஒரு சுய அறிவிப்புப் படிவமும் கொடுத்தால், பிடித்தம் 12,500 ரூபாயாகக் குறையும். காரணம், இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். ஆங்கிலச் சுருக்கத்தில் டி.டி.ஏ.ஏ.

இதில் எந்தத் தில்லுமுல்லும் இல்லை. சட்டமே கொடுக்கிற சலுகை இது. ஆனால், இதே மாதிரி ஒரு சர்டிபிகேட்டை வைத்துத்தான் பன்னாட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வரியைக் குறைத்திருக்கின்றன. அதில் சில வழக்குகள் நம்ம சென்னையிலேயே நடந்தவை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், எதுக்கு இந்த ஒப்பந்தம்?

ஒரு ஜெர்மனி கம்பெனி இந்தியாவில் சம்பாதிக்கிறது. "எங்க ஊர்ல சம்பாதிச்சது, வரி கொடு" என்று இந்தியா கேட்கும். "எங்க ஊர் கம்பெனி, வரி கொடு" என்று ஜெர்மனியும் கேட்கும். ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டுமென்றால் யாரும் வெளிநாட்டில் தொழில் செய்ய வர மாட்டார்கள். அதனால் நாடுகள் உட்கார்ந்து பேசி, எந்த வருமானத்துக்கு யார் வரி போடுவது, அதிகபட்சம் எத்தனை சதவீதம் என்று பிரித்துக்கொள்கின்றன.

இந்தியா இப்படி 90-க்கும் மேற்பட்ட நாடுகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. இதில் முக்கியமான ஒரு விதி உண்டு. உள்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம் இரண்டில் எது வரி கட்டுபவருக்குச் சாதகமோ அதை அவர் எடுத்துக்கொள்ளலாம். நம்ம வருமான வரிச் சட்டமே இதைச் சொல்கிறது.

ஓட்டை எங்கே வருகிறது? 90-க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களும் ஒரே மாதிரி இல்லை. ஒரு நாட்டுக்கு 5%, இன்னொரு நாட்டுக்கு 15%, வேறொரு நாட்டுக்கு வரியே இல்லை. அப்போது பெரிய கம்பெனி என்ன யோசிக்கும்? "நாம எந்த நாட்டுக் கம்பெனியா இருந்தா வரி குறையும்?" வசதியான ஒப்பந்தம் உள்ள நாட்டில் ஒரு துணை நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் வழியாக இந்தியாவுக்குப் பணத்தைக் கொண்டுவரும். கடை கடையாய் ஏறி இறங்கி விலை விசாரிப்பது மாதிரி, ஒப்பந்தங்களுக்குள் விலை விசாரிப்பது. வரித்துறை வட்டாரத்தில் இதற்கு 'ட்ரீட்டி ஷாப்பிங்' என்று பெயர்.

கன்னியாகுமரியை விட ஆள் குறைவான நாடு

இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு முதலீட்டில், 2000-ம் ஆண்டிலிருந்து கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மொரிஷியஸ் வழியாக வந்திருக்கிறது. அமெரிக்காவோ ஜப்பானோ இல்லை, மொரிஷியஸ்.

அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 12.6 லட்சம். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். அதாவது நம்ம மாவட்டத்தை விட ஆள் குறைவான ஒரு தீவு, இந்தியாவின் மிகப்பெரிய முதலீட்டாளர்களில் ஒன்றாகக் கணக்கில் நிற்கிறது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சடிக்கிற அளவுக்குத் தமிழ் உறவு உள்ள நாடுதான். ஆனால் முதலீட்டாளர்கள் அங்கே போனது அந்தப் பாசத்தில் இல்லை.

காரணம், 1983-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-மொரிஷியஸ் ஒப்பந்தம். மொரிஷியஸ் கம்பெனி ஒன்று இந்தியப் பங்குகளை விற்று லாபம் பார்த்தால், அந்த லாபத்துக்கு மொரிஷியஸ் மட்டும்தான் வரி போடலாம் என்று அதில் இருந்தது. மொரிஷியஸோ அப்படிப்பட்ட மூலதன லாபத்துக்கு வரி போடுவதில்லை. இரண்டு முறை வரி வேண்டாம் என்று போட்ட ஒப்பந்தம், ஒரு முறைகூட வரி இல்லை என்ற இடத்தில் போய் நின்றது.

வரித்துறை இதைக் கேள்வி கேட்காமல் இல்லை. ஆனால் 2000 ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியமே ஒரு சுற்றறிக்கை விட்டது. மொரிஷியஸ் அரசு தரும் வதிவிடச் சான்றிதழ் இருந்தாலே போதும், ஒப்பந்தச் சலுகை கொடுக்கலாம் என்பது அதன் சாரம். அதை எதிர்த்துப் போடப்பட்ட பொதுநல வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2003 அக்டோபரில் 'ஆசாதி பச்சாவோ ஆந்தோலன்' வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையைச் செல்லும் என்றது. வளரும் நாடுகள் முதலீட்டை ஈர்க்க இந்த மாதிரி வழிகளைத் தெரிந்தே அனுமதிக்கலாம் என்ற பார்வையும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

இது முக்கியமான விஷயம். 'கம்பெனிகள் அரசை ஏமாற்றிவிட்டன' என்று மட்டும் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முதலீடு வேண்டும் என்பதற்காக அரசு கதவைத் திறந்தே வைத்திருந்தது. பிறகுதான் அந்தக் கதவு எவ்வளவு அகலம் என்று கவலைப்பட ஆரம்பித்தது.

சென்னை வழக்கு 1: காக்னிசன்ட்

நாகர்கோவிலில் இன்ஜினீயரிங் முடித்தவர்கள் பலருக்கும் இந்தப் பெயர் தெரியும். காக்னிசன்ட்டின் இந்திய நிறுவனம் சென்னையில் பதிவானது. அதன் பங்குகளை வைத்திருந்தவை குழுமத்தின் வெளிநாட்டு நிறுவனங்கள். அமெரிக்கத் தாய் நிறுவனம் அதில் ஒன்று, மொரிஷியஸில் பதிவான நிறுவனம் இன்னொன்று.

2016 மே மாதம், சென்னை நிறுவனம் தன் பங்குகளையே இந்த உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கியது. மதிப்பு சுமார் 19,000 கோடி ரூபாய். இதற்கான திட்டத்துக்கு அதற்கு முந்தைய மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்திருந்தது.

இந்தியாவில் சேர்ந்த லாபத்தை வெளிநாட்டு உரிமையாளரிடம் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, டிவிடெண்ட். அப்போதைய சட்டப்படி டிவிடெண்ட் கொடுக்கும் இந்தியக் கம்பெனியே விநியோக வரி கட்ட வேண்டும். சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 20%-க்குக் கொஞ்சம் மேலே. அது இந்தியக் கம்பெனி மீதான வரி என்பதால், வெளிநாட்டு ஒப்பந்தத்தைக் காட்டித் தப்ப முடியாது.

இரண்டு, பங்கைத் திரும்ப வாங்குவது. இதில் லாபம் பார்ப்பவர் பங்கை விற்கும் வெளிநாட்டு நிறுவனம். அது மூலதன லாபம். அங்கே ஒப்பந்தம் உள்ளே வரும். அமெரிக்க ஒப்பந்தப்படி அந்த லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். மொரிஷியஸ் ஒப்பந்தப்படி போட முடியாது. ஒரே கம்பெனியின் ஒரே பங்குதான். விற்பவர் எந்த நாட்டில் பதிவானவர் என்பதை வைத்து வரி உண்டா இல்லையா என்பது மாறிவிடும்.

பங்கைத் திரும்ப வாங்குவதற்கென்றே 2013-ல் ஒரு தனி வரியும் வந்திருந்தது. ஆனால் அது கம்பெனிச் சட்டத்தின் ஒரு குறிப்பிட்ட பிரிவின் கீழ் வாங்கினால்தான் பொருந்தும். காக்னிசன்ட்டின் திட்டம் வேறு பிரிவுகளின் கீழ் நீதிமன்ற ஒப்புதலோடு நடந்தது. எந்தப் பிரிவாக இருந்தாலும் வரி உண்டு என்று சட்டம் மாறி அமலுக்கு வந்தது 2016 ஜூன் 1. பரிவர்த்தனை முடிந்தது மே மாதம்.

வரித்துறை விடவில்லை. பேர்தான் திரும்ப வாங்குதல், உள்ளே இருப்பது லாபப் பங்கீடு, அதனால் டிவிடெண்ட் வரி கட்ட வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் கேட்ட தொகை சுமார் 3,300 கோடி ரூபாய். கம்பெனியின் வங்கிக் கணக்குகள் சிலவும் முடக்கப்பட்டன. கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டோம், எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்பது கம்பெனியின் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் சுமார் 500 கோடி ரூபாயை டெபாசிட் செய்யச் சொல்லி இடைக்காலத் தடை கொடுத்தது.

2023 செப்டம்பரில் சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரித்துறை பக்கம் நின்றது. வரியைத் தவிர்ப்பதற்காகவே போட்ட ஏற்பாடு இது என்பது அதன் முடிவு. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜனவரியில், வசூலை நிறுத்தி வைப்பதற்காக 1,500 கோடி ரூபாய் கட்ட வேண்டியிருந்தது.

சென்னை வழக்கு 2: நோக்கியா

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள்.

இங்கே பிரச்சினை பங்கு இல்லை, சாஃப்ட்வேர். போனில் ஏற்றும் மென்பொருளுக்காக இந்திய நிறுவனம் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குப் பணம் அனுப்பியது. அது பொருளுக்கான விலையா, ராயல்டியா? பொருளுக்கான விலை என்றால் இந்தியாவில் பிடித்தம் இல்லை. ராயல்டி என்றால் ஒப்பந்தப்படி வரி பிடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். 2013 மார்ச்சில் வரித்துறை கேட்டது 2,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

அதே வருடம் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. வரி வழக்கால் சென்னை ஆலை முடக்கப்பட்டிருந்ததால் அதை மட்டும் கைமாற்ற முடியவில்லை. 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். நோக்கியா கொடுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஆர்டர்கள் நின்றன. 2014 நவம்பர் 1-ம் தேதி ஆலை மூடப்பட்டது. போன் சந்தையில் நோக்கியா ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆனால் வேறு கைக்கு மாறி ஆலை பிழைத்திருக்க இருந்த வாய்ப்பு, வரி வழக்கில் சிக்கிக்கொண்டது.

பிறகு என்ன ஆச்சு? 2018-ல் இந்தியாவும் பின்லாந்தும் அதே வரி ஒப்பந்தத்தில் உள்ள பேச்சுவார்த்தை விதியைப் பயன்படுத்தி விவகாரத்தை முடித்தன. நோக்கியா சுமார் 1,600 கோடி ரூபாய் கட்டியது. அதற்குள் ஆலை மூடி மூன்று வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

இன்னொரு திருப்பமும் உண்டு. 2021 மார்ச் 2-ம் தேதி 'எஞ்ஜினீயரிங் அனாலிசிஸ்' என்ற வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு நிறுவனங்களிடம் மென்பொருளை வாங்கி விற்பவர்களோ பயன்படுத்துபவர்களோ கொடுக்கும் பணம் ஒப்பந்தங்களின்படி ராயல்டி ஆகாது என்று சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையின் அர்த்தம் தெளிவாக இல்லையென்றால், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் பாருங்கள். கம்பெனியும் அரசும் மட்டுமில்லை, ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுகிற தொழிலாளியும்தான்.

ராயல்டி ரூட்: ஒரு சின்னக் கணக்கு

ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் இந்திய நிறுவனம் 100 கோடி ரூபாய் லாபம் பார்க்கிறது என்று வையுங்கள். அப்படியே வரி கட்டினால் சுமார் 25.17 கோடி.

இப்போது அது 60 கோடியை, பிராண்ட் பெயருக்கான ராயல்டி என்று வேறு நாட்டிலுள்ள தன் குழும நிறுவனத்துக்கு அனுப்புகிறது. ராயல்டி செலவுக் கணக்கில் போய்விடும். மிச்சம் 40 கோடிக்கு வரி சுமார் 10.07 கோடி.

அந்த 60 கோடிக்கு? ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்தியா 20% வரியும் அதன் மேல் சர்சார்ஜ், செஸ்ஸும் பிடிக்கும். சுமார் 13.1 கோடி. மொத்தம் 23.17 கோடி. பெரிய மிச்சமில்லை. ஆனால் சிங்கப்பூர், அயர்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளோடு உள்ள ஒப்பந்தங்களில் ராயல்டிக்கு உச்சவரம்பு 10%. அப்போது 6 கோடிதான். மொத்தம் 16.07 கோடி. இந்தியாவுக்கு வர வேண்டியதில் 9 கோடிக்கு மேல் குறைந்துவிட்டது. போய்ச்சேரும் நாட்டில் ராயல்டிக்கு வரி குறைவு என்றால் அவ்வளவும் லாபம்.

60 கோடி நியாயமான தொகையா என்று வரித்துறை கேட்கலாம். அதற்கென்றே விலை நிர்ணய விதிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு பிராண்ட் பெயரின் 'நியாயமான விலை' என்ன? தேங்காய்க்குச் சந்தை விலை உண்டு. லோகோவுக்கு?

கதவை எப்போது சாத்தினார்கள்?

2016 மே மாதம் மொரிஷியஸ் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய இந்தியப் பங்குகளை விற்றால் இந்தியா வரி போடலாம். அதே ஆண்டில் சிங்கப்பூர், சைப்ரஸ் ஒப்பந்தங்களும் மாற்றப்பட்டன. பழைய பங்குகளுக்கு மட்டும் பழைய சலுகை தொடர்ந்தது.

2017 ஏப்ரலில் 'கார்' எனப்படும் பொது வரித் தவிர்ப்புத் தடுப்பு விதிகளும் அமலுக்கு வந்தன. ஒரு ஏற்பாட்டின் முக்கிய நோக்கமே வரிச் சலுகைதான், அதில் உண்மையான வணிகம் இல்லை என்று தெரிந்தால் சலுகையை மறுக்கலாம். சேமிக்கும் வரி 3 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் இது பொருந்தும். பல நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட பலதரப்பு உடன்படிக்கை வழியாக, 2020-21 நிதியாண்டு முதல் இந்தியாவின் பல ஒப்பந்தங்களிலும் இதே மாதிரி ஒரு நோக்கப் பரிசோதனை சேர்ந்தது.

இந்த விதிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது 'டைகர் குளோபல்' வழக்கு. 2018-ல் ஃபிளிப்கார்ட்டை வால்மார்ட் வாங்கியபோது, டைகர் குளோபலின் மொரிஷியஸ் நிறுவனங்கள் தங்கள் பங்கை விற்றன. 2017-க்கு முன்பே வாங்கிய பங்கு, கையில் மொரிஷியஸ் சான்றிதழ், அதனால் வரி இல்லை என்பது அவர்கள் வாதம். 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சான்றிதழ் மட்டும் போதாது, பின்னால் உண்மையான செயல்பாடு இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றது. 2003-ல் இருந்த இடத்திலிருந்து இது ரொம்ப தூரம்.

உலக அளவிலும் முயற்சி நடந்தது. பெரிய கம்பெனிகள் எங்கே இருந்தாலும் குறைந்தது 15% வரி கட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரில் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் 2025-ல் அமெரிக்கா பின்வாங்கியது. அமெரிக்கக் குழுமங்களுக்கு விலக்கு தர ஜி7 நாடுகளும் இறங்கி வந்தன.

சரி, இதில் நமக்கு என்ன?

கார்ப்பரேட் வரி மத்திய அரசுக்குப் போகிறது. அதில் 41% மாநிலங்களுக்குப் பகிரப்பட வேண்டும். 15-வது நிதிக்குழுவின்படி அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079%. சர்சார்ஜும் செஸ்ஸும் பகிர்வில் சேராது. இந்த அளவுகோலில் போட்டுப் பார்த்தால், 3,300 கோடி ரூபாய் வரிக் கோரிக்கை முழுசாக வசூலானாலும் தமிழ்நாட்டுக்கு வருவது சுமார் 48 கோடி ரூபாய்தான். கம்பெனி சென்னையில் இருக்கிறது என்பதால் பங்கு கூடாது. ஆலை மூடினால் வேலை போவது மட்டும் இங்கே.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே டி.டி.எஸ். போய்விடுகிறது. எந்த நாட்டுக்காரராக இருந்தால் லாபம் என்று யோசிக்க நமக்கு வழியில்லை. அந்த வழி உள்ளவர்கள் கட்டாமல் விடுவதை, கடைசியில் வழி இல்லாதவர்களிடமிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

மார்த்தாண்டத்துக்காரர் கதைக்கு வருவோம். அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது. அப்படிப் பார்த்தால் அவருக்கும் 'இரட்டை வரி' இல்லை. ஆனாலும் சலுகை கிடைக்கிறது. அப்போ அவரும் மொரிஷியஸ் கம்பெனியும் ஒன்றா?

இல்லை. அவர் அந்த ஊரில் இருக்கிறார், வேலை பார்க்கிறார், வாடகை கொடுக்கிறார். வருடத்தில் குறைந்தது 183 நாட்கள் அங்கே தங்கியிருந்தால்தான் ஒப்பந்தப்படி அவர் அமீரகவாசி. ஒரு முகவரியும் ஒரு பெயர்ப்பலகையும் மட்டும் வைத்துக்கொண்டு அவரால் அந்தச் சான்றிதழை வாங்க முடியாது. 'நீ உண்மையிலேயே அங்கே இருக்கிறாயா?' என்று அவரிடம் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான், கம்பெனிகளிடம் நீதிமன்றங்கள் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கின்றன.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். இந்தச் சலுகை தானாக வராது. வதிவிடச் சான்றிதழை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாக வாங்கி வங்கியில் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்து 31.2% பிடித்துவிட்டால், இந்தியாவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதிகப்படியான தொகையைத் திரும்பக் கேட்கலாம். என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் அதற்கு இந்த அலைச்சல் தேவைப்படாது.